காலிப் படங்கள்

அந்தப் பழைய வீட்டை அலுவலகத்துக்கு எடுத்தது முதலாளியின் யோசனை. பிள்ளைகளை வெளியே ஓடவைக்கும் விளையாட்டைச் செய்கிறவர்கள் மாடிக் கட்டடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அடைந்து கிடந்தால் எப்படி என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அங்கே வாடகை மலிவு என்பது அதைவிட நியாயமான காரணம், ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஊர் முடிந்து, தார்ச்சாலையும் முடிந்து, மண்பாதையில் கொஞ்ச தூரம் குலுங்கிக்கொண்டு போனால் அந்த வீடு. உயரமான கூரை, நீண்ட நடை, இருபுறமும் அறைகள். பின்கதவைத் திறந்தால் மரக்கூட்டம். சாமான்களை இறக்கிய அன்றே எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. கை கழுவும் தொட்டிகள் முழங்கால் உயரத்தில் இருந்தன. தொந்தியும் தொப்பையுமான ஓவியர் அதில் கை கழுவக் குனிந்து, நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடையின் சுவரில் இடுப்பளவு உயரத்தில் சட்டை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன.

"குள்ளர்கள் குடியிருந்த வீடா சார்?" என்று ஓவியர் கேட்டார்.

"ஏதோ பிள்ளைங்க விடுதியாம். மூடி ரொம்பக் காலமாச்சாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி பேச்சை மாற்றினார். நாளெல்லாம் ஜன்னல்களைத் திறந்து போட்டும், ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோன மாதிரி ஒரு வாடை நடையைவிட்டுப் போகவே இல்லை.

'டீச்சர்' என்று அங்கே எல்லோரும் கூப்பிட்டவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் அல்ல. கணினிக்குப் பாடம் சொல்லித்தருவது அவள் வேலை. விளையாட்டின் உயிர்நாடியே அதுதான். பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். தும்பியோ தவளையோ மரங்கொத்தியோ கண்ணில் பட்டால் கேமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். விளையாட்டு அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போட்டு, பெயர் சொல்லி, ஓவியர் வரைந்த அட்டை ஒன்றைப் பரிசாகத் தரும். ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டினால், "இங்கே ஒன்றும் இல்லை! வேறு இடம் தேடிப் பார்!" என்று குதூகலமாகக் கூவும். எது தவளை, எது காய்ந்த இலை என்று அதற்கு எப்படித் தெரியும்? மூட்டை மூட்டையாகப் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் 'இருக்கு' அல்லது 'இல்லை' என்று டீச்சர் குறித்துக் கொடுப்பதால் தெரியும். அவள் இருக்கு என்றால் இருக்கு, இல்லை என்றால் இல்லை. வீட்டில் இருக்கிறவர்களைப்போல மெஷின் எதிர்க்கேள்வி கேட்காது.

இந்த வேலையில் அவளுக்குச் சொந்த ஆசை ஒன்றும் இருந்தது. அவள் மகள். பிறந்தபோது வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். ஓரிடத்தில் உட்காராத பெண் என்பதால் வீட்டில் 'வாலு'. அப்படிப்பட்ட வாலு கொஞ்ச காலமாக சோபாவின் மூலையில் போனோடு சுருண்டு கிடந்தாள். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று டீச்சர் லீவு நாட்களில் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிவந்து, சோதனைப் போனைக் கையில் கொடுத்து வெளியே விட்டாள். மருந்து வேலை செய்தது. முழங்காலில் மண்ணும் தலையில் இலையுமாக ஓடிவந்து, "அம்மா, மண்புழுவுக்குக் கண்ணே இல்லையாம்!" என்று வாலு கத்தியபோது, டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

ஓர் இடம்தான் தொல்லை கொடுத்தது.

மரக்கூட்டத்தின் நடுவில், புல் முளைக்காத ஒரு துண்டு நிலம். அங்கே காற்று வந்தாலும் இலை அசைகிற சத்தம் கொஞ்சம் தள்ளித்தான் கேட்கும். பறவைகள் அதைச் சுற்றிக்கொண்டு பறக்கும். கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் மெஷினுக்குப் புத்தி பேதலித்துவிடும். வெறும் தரைக்கு மேலே பச்சைக் கட்டம் போடும். மான் என்னும். இல்லை, குரங்கு என்னும். பிறகு கட்டம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்து, நின்று, 'மனிதர்' என்னும்.

அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

"அடுத்த வாரம் பிள்ளைங்க விளையாடிப் பார்க்க வராங்க" என்றார் முதலாளி. "ஒண்ணுமில்லாத இடத்துல மனுஷன் நிக்கிறான்னு இது சொன்னா, பெத்தவங்க நம்மளை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. சரி பண்ணுங்க டீச்சர்."

சரி செய்ய வழி இருந்தது. மெஷின் எங்கே தப்பு செய்கிறதோ அந்த இடத்தையே பல கோணங்களில் படமெடுத்து, எல்லாவற்றிலும் 'இல்லை' என்று குறித்துக் கொடுத்தால், அடுத்த தடவை அது வாயை மூடிக்கொள்ளும். தொழிலில் இவற்றுக்குக் காலிப் படங்கள் என்று பெயர். லீவு நாள் காலை ஒன்றில் டீச்சர் போனைத் தானாகப் படமெடுக்க விட்டு அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மஞ்சள் சட்டை போட்ட வாலு முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"குறுக்க வராதடி! படம் கெட்டுப்போகுது."

"நான் வரலைம்மா, அவதான் என்னை இழுக்கிறா!" என்று வாலு சிரித்தாள். பிள்ளை ஏதோ பேசுகிறது என்று டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முறைப்படி பார்த்தால், ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்த பிறகுதான் குறிக்க வேண்டும். அன்று அவள் திறக்கவில்லை. காலி இடத்தைத்தானே எடுத்தோம், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று முழுத்தொகுப்பையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்து, 'இல்லை' என்று அழுத்தினாள். பக்கத்து மேசையிலிருந்து ஓவியர் எட்டிப் பார்த்தார்.

"அது இருக்கு இருக்குங்குது. நீங்க இல்லை இல்லைங்கறீங்க. பாவம் டீச்சர், அதுக்கும் ஒரு மனசு இருக்காதா?"

"நீங்க உங்க தவளைக்கு வண்ணம் அடிங்க தம்பி."

மெஷின் பாடத்தை ஒழுங்காகப் படித்துக்கொண்டது. சாயங்காலம் அந்த இடத்தில் கேமராவைத் திருப்பியபோது, "இங்கே ஒன்றும் இல்லை!" என்று கூவியது. முதலாளி முகம் மலர்ந்தது. கதை அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வாலு கண்ணாடி முன்னால் நின்று போனைத் தன் பக்கமே திருப்பிப் பார்த்தாள். வழக்கமாக 'மனிதர்' என்று காட்டும். அதற்காகவே அந்த விளையாட்டு அவளுக்குப் பிடிக்கும். இப்போது, "இங்கே ஒன்றும் இல்லை! வேறு இடம் தேடிப் பார்!" என்றது. அம்மாவும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

பெரிய கடையின் கண்ணாடிக் கதவு, ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு, வாலு முன்னால் போய் நின்றபோது திறக்கவில்லை. அவள் குதித்துப் பார்த்தாள், கையை ஆட்டிப் பார்த்தாள். டீச்சர் பின்னாலேயே வந்த பிறகுதான் திறந்தது.

பிறகு ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு மிஸ் போன் செய்தார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? மூணு நாளா வரலையே."

டீச்சர் தன் கையால் தலைவாரி, தன் கையால் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. சாயங்காலம் வாலு வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் வாடியிருந்தது. பேச்சில் பழைய துள்ளல் இல்லை.

"வகுப்புலதாம்மா இருந்தேன். கையைத் தூக்கிட்டே இருந்தேன். மிஸ் என்னைத் தாண்டிப் பார்க்கிறாங்க."

டீச்சர் அவளை அணைத்துக்கொண்டாள். மகளின் முடியில் ஈரத்துணி வாடை அடித்தது.

"அவ சொன்னாம்மா, இப்படித்தான் ஆகுமாம்" என்று வாலு அவள் தோளில் முகம் புதைத்துச் சொன்னாள்.

"எவடி?"

"மரத்துக்கு நடுவுல இருக்கிறவ. அவளுக்கு ரொம்ப நாளா இப்படித்தானாம். முதல்ல கதவு திறக்காதாம். அப்புறம் மிஸ் கூப்பிட மாட்டாங்களாம். அப்புறம் அப்பா மறந்துடுவாராம்."

டீச்சர் அவள் முகத்தை நிமிர்த்தினாள். "அப்புறம்?"

"கடைசியிலதான் அம்மாவாம்."

அன்று அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, அதற்காக நம்பவும் இல்லை. "வேலை அதிகம், உனக்கு ரெண்டு நாள் ஓய்வு வேணும்" என்றான். நல்ல மனிதன்தான். மகள் என்றால் அவனுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை அந்தப் பெரிய கடைக்குக் கூட்டிப்போய் ஏதாவது வாங்கித் தருகிறேன், பிள்ளை தெளிந்துவிடும் என்று காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது பைகளோடு அவன் மட்டும் இறங்கினான்.

"வாலு எங்கே?" என்று டீச்சர் கேட்டாள்.

"என்ன வாலு?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. கேலி இல்லை. யாரோ தெரியாதவர் பேரைக் கேட்டால் ஒரு மனிதன் எப்படி யோசிப்பானோ, அப்படித்தான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம பொண்ணு!"

"என்னம்மா சொல்ற?" என்றான் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற குரலில்.

அவள் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரில் பாய்ந்தாள். கடையின் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம், வெளியே வர முடியாமல், வாலு நின்றுகொண்டிருந்தாள். கதவு அவளுக்குத் திறக்கவில்லை. உள்ளே சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெயிலில் அவளைத் தாண்டிப் பின்னால் இருந்த அலமாரிகள் தெரிந்தன. புகை படிந்த கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல.

"அப்பா விட்டுட்டுப் போயிட்டார்ம்மா."

குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. டீச்சர் உள்ளே ஓடி அவள் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது, ஆனால் இருந்தது. அந்தக் கையைப் பிடித்தபடி, அவளுக்குத் திறக்காத அந்தக் கதவைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மஞ்சள் சட்டை. குறுக்கே ஓடிய பிள்ளை. திறந்து பார்க்காமல் ஒரே தட்டில் அழுத்திய 'இல்லை'. சொந்த மகளை இல்லை என்று எழுதிக் கொடுத்தது அவள் கைதான்.

அலுவலகத்துக்கு அவள் ஒரு கையாலேயே காரை ஓட்டினாள். மறு கையால் வாலுவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். மண்பாதையில் திரும்பியபோது பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அங்கே வெயில் மட்டும் விழுந்திருந்தது.

"வாலு?"

"இங்கதாம்மா."

கைக்குள் கை இருந்தது. பார்வைக்குத்தான் ஒன்றும் இல்லை.

லீவு நாளானாலும் ஓவியர் தன் மேசையில் உட்கார்ந்திருந்தார், வரைய வேண்டிய அட்டைகள் பாக்கி இருந்தன. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி ஓடிவந்த டீச்சரைப் பார்த்து அவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் அவரைக் கவனிக்காமல் கணினியைத் திறந்து, அந்தத் தொகுப்பைத் திறந்தாள். மகள் இருக்கிற படங்களைப் பொறுக்கியெடுத்து 'இருக்கு' என்று மாற்றினால் போதும். அவ்வளவுதான் வேலை.

முதல் படம்: மரங்கள், சருகு, வெறும் தரை.

அடுத்தது: மரங்கள், சருகு, வெறும் தரை.

அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. மஞ்சள் நிறம் எதிலும் இல்லை. ஓடிய பிள்ளையை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. படத்தில் பிள்ளை இல்லை. அவள் கண்ணும் இப்போது பாடம் படித்துவிட்டது. வேகவேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. இந்தக் காலிப் படங்களை எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? இடது கையை ஏன் இப்படி முறுக்கி வைத்திருக்கிறோம்? விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"அம்மா!"

அது குரல்கூட இல்லை. காதோரம் ஒரு மூச்சு. அவள் பதறிப்போய் அந்தச் சின்ன விரல்களை மறுபடி இறுக்கிப் பிடித்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனிமேல் பொறுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. முழுத்தொகுப்பையும் தேர்ந்தெடுத்தாள்.

"என்ன பண்றீங்க டீச்சர்?" ஓவியரின் முகம் வெளுத்திருந்தது.

"எல்லாத்தையும் இருக்குன்னு மாத்தப் போறேன்."

"எல்லாத்தையுமா? அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாதே. யோசிச்சுப் பண்ணுங்க."

"எம் பொண்ணு இருந்தா தம்பி. எனக்கு அது போதும்."

அழுத்தினாள்.

மெஷின் புதுப் பாடத்தைப் படிக்க ஆரம்பித்தது. திரையில் ஒரு நீலக் கோடு எறும்பு ஊர்வதுபோல் நீண்டது. வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பின்பக்கம் பறவைகள் ஒரேயடியாகச் சத்தம் போட்டுக்கொண்டு எழும்பிப் பறந்தன. பிறகு அதுவும் இல்லை.

பின்கதவு திறந்தது.

நடையில் காலடிச் சத்தம். ஈரமான, வெறுங்காலின் சத்தம். பெரியவர்களின் நடை இல்லை அது. சில அடி நடக்கும், நிற்கும். யாராவது திட்டுவார்களோ என்று பயந்து பயந்து வருகிற நடை. கொக்கிகள் ஒவ்வொன்றாகச் சுவரில் தட்டிக்கொண்டு குலுங்கின.

"நான் கிளம்பறேன் டீச்சர்" என்று சொன்ன ஓவியர் வாசல் வழியாகப் போகவில்லை. அந்தத் தொந்தியோடு ஜன்னலைத் தாண்டிக் குதித்து ஓடினார். வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. டீச்சர் அசையவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலடிச் சத்தம் அறை வாசலில் வந்து நின்றது. ஈரத்துணி வாடை மூக்கை அடைத்தது.

நீலக் கோடு முடிவைத் தொட்டது.

கைக்குள் இருந்த கை சூடானது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு தோள், மஞ்சள் இல்லாத வேறு ஏதோ சட்டை, அழுது வீங்கிய முகம், ஒழுகுகிற மூக்கு. வாலு! டீச்சர் அவளை அப்படியே தூக்கி, நெற்றியிலும் கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். ஒருவரும் இல்லை. சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கணவன் அதிலிருந்து இறங்கி ஓடிவந்தான். தலை கலைந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கு என்னாச்சுன்னே தெரியலம்மா. திடீர்னு ஞாபகம் வந்துச்சு. கடையில போய்ப் பார்த்தா காணோம், நீ இங்கதான் கூட்டி வந்திருப்பேன்னு ஓடிவந்தேன். பெத்த பிள்ளையைக் கடையில விட்டுட்டு வந்திருக்கேன், நானெல்லாம் ஒரு அப்பனா?" என்று வாலுவை வாரி அணைத்துக்கொண்டு தேம்பினான். "என்னை மன்னிச்சிடுடா கண்ணு."

"பரவால்லப்பா" என்றாள் வாலு, பழைய குரலில், பெரிய மனுஷி மாதிரி.

டீச்சருக்கு நெஞ்சு நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்குகளை அணைத்து, கதவைப் பூட்டினாள். நாளைக்கே இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். கணவன் தங்கள் காரின் பின்கதவைத் திறந்தான். வாலு ஏறி, ஜன்னலோரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். அவன் குனிந்து அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டான். பிறகு காரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவையும் திறந்தான்.

"கையை எடு கண்ணு, நசுங்கிடும்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, 'கிளிக்' என்று இன்னொரு பெல்ட்டை மாட்டினான்.

"யாருக்குங்க?" என்றாள் டீச்சர்.

"என்ன கேள்வி இது? ரெண்டு பொண்ணுங்களைப் பெத்தவ கேக்கறதா இது?" அவன் கண்ணீரோடே சிரித்தான். "ஏறும்மா, பிள்ளைங்களுக்குப் பசிக்கும்."

அவள் குனிந்து பின்னிருக்கையைப் பார்த்தாள். வாலு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்து, ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருக்கை காலி. காலி இருக்கையின் குறுக்கே மாட்டியிருந்த பெல்ட் தொய்ந்து விழாமல், மெல்ல மேலெழும்புவதும் மெல்லத் தணிவதுமாக இருந்தது.